தட்டு வண்டிக்குள் துப்பாக்கி

“நங்கையா, நீங்களும் இவளும் சண்டை போடோணும். அவ்வளவுதான் வேலை” என்றான் பாலுசாமி.

கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்த அவனுடைய அண்ணன் மனைவி கருப்பாத்தாள் நிமிர்ந்து, கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, வேட்டை வேட்டைன்னு அலைஞ்சு உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா? நானும் உன்ற பொண்டாட்டியும் சண்டை போடறதுக்கு நீ வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கோணுமாக்கும்?”

கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புருசனின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிறுத்தை ஒன்று மலையை விட்டு இறங்கி, அறுவடை தொடங்கிய நாளிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் நாய்கள் போயின. பிறகு ஆடுகள். போன வாரம் பட்டியில் காவலிருந்த மாரப்பனின் தோளைக் கிழித்துவிட்டது. அவனை உடுமலைப்பேட்டை ஆசுபத்திரிக்கு வண்டியில் போட்டுக் கொண்டுபோனதிலிருந்து ஆள்காரர்கள் யாரும் காட்டு வேலைக்கு வருவதில்லை. ஆனால் மாடுகளுக்குத் தெரியுமா சிறுத்தை வந்த சேதி? ஓரகத்திகள் இரண்டு பேருமாகத்தான் பொழுது சாயும் முன்னே ஓடையோரம் போய் மாட்டுத் தீனிக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டு வந்தார்கள். பகலில் சிறுத்தை மலையடிவாரத்தில் கிடக்கிறது என்று ஒரு நம்பிக்கை.

பாலுசாமியிடம் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி இருந்தது. லைசென்சும் இருந்தது. உடம்பெல்லாம் சாணியும் சாம்பலும் பூசி, மனித வாடை தெரியாமல் இருக்க நொச்சித் தழையைக் கட்டிக்கொண்டு, குழல் வெயிலில் மின்னாதபடி கரியைத் தடவி, ஓடைக்கரையில் கல்லோடு கல்லாகக் கிடந்து பார்த்தான். மரத்தில் பரண் கட்டியும் பார்த்தான். ஒரு வால்நுனிகூடக் கண்ணில் படவில்லை.

“காத்தால ஓடை மணல்ல பாத்தேனுங்க” என்றான் இப்போது. “நேத்து நீங்க நடந்த தடத்து மேலயே அதுன்ற தடம் கெடக்குது. இண்டம்புதருக்குள்ள புல்லெல்லாம் மெத்தையாட்டம் அமுங்கியிருக்குது. அங்கிருந்து பாத்தா நீங்க தட்டறுக்கற எடம் அப்படியே தெரியுது. தெனமும் படுத்துக்கிட்டு உங்களப் பாத்துட்டுத்தான் இருந்திருக்குது.”

நாச்சியம்மாள் தண்ணீர்க்குண்டாவைக் கீழே வைத்தாள்.

“தெனமுமா?”

“தெனமுந்தான். நான் மூச்சு உடாம ஒளிஞ்சிருந்தேம் பாரு, அதுதான் தப்பு. அந்த நேரத்துல அந்த எடத்துல நீங்க சண்டை போடற சத்தம் கேக்கோணும். கேக்கலைன்னா அதுக்குச் சந்தேகம் வந்துருது. நான் வண்டியில தட்டுக்குள்ள படுத்துக்கறேன். நீங்க எப்பவும் போல வந்து, எப்பவும் போல அறுத்து, எப்பவும் போலக் கத்துங்க.”

கருப்பாத்தாள் சாணிக்கையை உதறினாள். “பாத்தியாடி நாச்சி, நம்ம கூத்துக்கு ஒரு ஆளு தெனமும் முன்னால எடம் புடிச்சு உக்காந்திருக்குது” என்றாள். சொல்லிவிட்டு ஓடைப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குப் பொழுது சாயும் முன்பே வண்டி ஓடையோரம் போய் நின்றது. வழக்கம்போல எருதுகளை அவிழ்த்துத் தூரத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். வண்டியில் முதல்நாள் தட்டு பாதி பாரம். அதற்குள்ளே பாலுசாமி. வண்டியின் பக்கவாட்டுக் குச்சிகளுக்கு நடுவே துப்பாக்கிக் குழல் தட்டோடு தட்டாகக் கிடந்தது. அதை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருப்ப முடியாது. வண்டிக்கும் புதரின் வாய்க்கும் நேர்கோடு போட்டதுபோல ஒரே பார்வைதான்.

“அந்த எருக்கஞ்செடி தெரியுதா? அதுக்கு அக்கட்டால மட்டும் நிக்காதீங்க. நின்னா எனக்கு மறைச்சுப்போடும்” என்று வரும்போதே பத்துத் தடவை சொல்லியிருந்தான்.

அருவாள்கள் தட்டில் விழுந்தன. நாச்சியம்மாளுக்கு முதுகு முழுக்கக் கண் முளைத்தது போலிருந்தது. புதர் அசையவில்லை. காடை ஒன்றுகூடக் கத்தவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தாள்.

“ஏனுங்கக்கா, மத்தியானம் சாப்டீங்களா?”

“ஆச்சுங்க அம்மணி. நீங்க சாப்டீங்களா?”

“ஆச்சுங்க. என்ன கொழம்புங்க?”

“கொள்ளுப் பருப்புங்க. உங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பி இருக்கலாமுங்க.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பயம் வந்தால் மரியாதை வந்துவிடும். கல்யாணம் கட்டி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த ஓரகத்திகள் ஒருவரையொருவர் இத்தனை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. தட்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுவதுபோல ஒரு சீறல் வந்தது.

“ஆரு ஊட்டுக் கண்ணாலத்துக்கு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்? சண்டை போடுங்கன்னா சம்பந்தம் பேசிட்டு இருக்கறீங்க!”

கருப்பாத்தாள்தான் முதலில் சுதாரித்தாள். அருவாளை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள்.

“ஏண்டி, இது அறுக்கற அழகா? அடிக்கட்டை மொழம் நிக்குது! உங்காயா ஊட்டுல இப்படித்தான் கோழி கொறிச்சாப்பல அறுப்பாங்களா?”

“எங்காயா ஊட்டப் பத்திப் பேசாதே! உன்ற ஊட்டாட்டம் மத்தவங்க கயித்த எடுத்து மறைச்சு வெக்கற வழக்கம் எங்க ஊட்டுல கெடையாது!”

“எந்தக் கயிறு? அந்த இத்துப்போன கயிறா? கோயமுத்தூருக்குக் கரண்டே வந்துபோச்சாமா, உன்ற மூளைக்கு மட்டும் இன்னும் சீமெண்ணெ வெளக்குதான் எரியுது!”

சத்தம் ஏறியது. நாச்சியம்மாளுக்கு உள்ளே கொஞ்சம் தைரியம் வந்தது. கயிறு முடிந்து, தவிட்டுக்கு வந்தார்கள். தவிடு முடிந்து, கிணற்றடிக்கு. பிறகு குழந்தைக்கு.

“எம்புள்ளைக்கு நீ எதுக்கு நெய்ச்சோறு ஊட்டறே? அப்பறம் எங்கையில அது களி திங்குமா?”

“வள்ளி என்றகிட்டத்தான் வருது. நீ பண்ற களிய நாயி மோந்து பாக்குமாடி?”

நிசமும் அதுதான். நாச்சியம்மாளின் மகள் வள்ளி உண்பதும் உறங்குவதும் பெரியம்மா வீட்டில். கருப்பாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை மட்டும் நாச்சியம்மாள் எந்தச் சண்டையிலும் தொட்டதில்லை. ஊரில் யாராவது தொட்டாலும் விட்டதில்லை.

கத்திக் கத்தி வாய் உலர்ந்தது. வெயில் மஞ்சளாகச் சரிந்தது. கருப்பாத்தாள் களைத்துப்போய், அறுத்த தட்டைக் கட்டுவதற்குக் கயிற்றைத் தேடினாள். கயிறு எருக்கஞ்செடிக்கு அந்தப்பக்கம் விழுந்து கிடந்தது. சண்டை ஞாபகத்தில், எதையும் யோசிக்காமல் நாலு எட்டு வைத்துப் போய்க் குனிந்தாள்.

அப்போதுதான் நாச்சியம்மாள் பார்த்தாள்.

புதரின் வாயில் இலை விலகவில்லை. இலைதான் உருவம் கொண்டது. வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாகக் கிடந்த இடம் மெல்ல முன்னால் நகர்ந்தது. வயிறு தரையில் ஒட்ட, தோள்பட்டை இரண்டும் மாறி மாறி ஏறி இறங்க, கண் மட்டும் அசையாமல் கருப்பாத்தாளின் குனிந்த முதுகின் மேல் இருந்தது.

தட்டுக்குள் துப்பாக்கி இருக்கிறது. துப்பாக்கிக்கும் சிறுத்தைக்கும் நடுவில் கருப்பாத்தாள்.

‘சிறுத்தை’ என்று கத்தினால் இவள் திரும்பிப் பார்த்து அங்கேயே உறைந்துபோவாள். அது பாய்ந்துவிடும். ‘இங்க வாக்கா’ என்று கூப்பிட்டால்? வரவே மாட்டாள். ‘ஏன், உனக்குக் கால் இல்லையா, நீ வா’ என்பாள். இத்தனை வருசச் சண்டையில் நாச்சியம்மாளுக்கு இது தெரியாதா? ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அவள் ஓடி வருவாள். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததோ, நாக்கில் வந்து நின்றுவிட்டது.

“பெக்காத வயித்துக்கு அடுத்தவ புள்ள கேக்குதாடி, மலடி!”

கருப்பாத்தாளின் முதுகு விறைத்தது. கயிறு கையிலிருந்து நழுவியது. ஒரு கணம் அவள் அசையவே இல்லை. நாச்சியம்மாளின் உயிர் அந்த ஒரு கணத்தில் போய்ப் போய் வந்தது.

“இன்னொருக்காச் சொல்லு!”

“சொல்லுவன்! மலடி, மலடி!”

கருப்பாத்தாள் நிமிர்ந்து, புயல்மாதிரி ஓடி வந்தாள். எருக்கஞ்செடியைத் தாண்டி, துப்பாக்கியின் நேர்கோட்டை விட்டு விலகினாள். நாச்சியம்மாளின் கொண்டையை இரண்டு கையாலும் பற்றினாள். அவளுக்குப் பின்னால் மஞ்சளாக ஒன்று தரையை விட்டு எழும்பியது.

வண்டி வெடித்தது போலச் சத்தம். புகை. வேப்பமரத்து எருதுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின.

புகை விலகியபோது எருக்கஞ்செடியின் மேல் சிறுத்தை குறுக்கே கிடந்தது. வால் இரண்டு தடவை தரையில் அடித்து ஓய்ந்தது. அதன் முன்னங்காலுக்கடியில் கருப்பாத்தாளின் கயிறு.

கருப்பாத்தாள் அதைப் பார்த்தாள். தான் குனிந்து நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகுதான் தன் கைகள் இன்னும் ஓரகத்தியின் முடியைப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. விட்டுவிட்டாள்.

தட்டை உதறிக்கொண்டு, கண்ணிமை கருகி, முகமெல்லாம் கரியாகப் பாலுசாமி குதித்தான். “நங்கையா! ஒரு நொடிங்க! ஒரே நொடி தப்பியிருந்தா...” துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வெடிச்சத்தம் கேட்டு ஊர் திரண்டு வந்தது. மாரப்பனின் மனைவி பாவாத்தாள் செத்துக் கிடந்ததைக் காலால் எட்டி உதைத்து அழுதாள். சிறுத்தையைத் தட்டு வண்டியிலேயே ஏற்றினார்கள். பெண்கள் இருவரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

“அக்கா” என்றாள் நாச்சியம்மாள் மெதுவாக. “அந்த எடத்த உட்டு உன்னய நகத்தறதுக்குத்தான் சொன்னேன். மனசுல இருந்து சொல்லலைக்கா. மாகாளி மேல சத்தியமா.”

“தெரியும்டி. எனக்கு அது தெரியாதா?” கருப்பாத்தாள் வண்டிச்சக்கரத்தைப் பார்த்தபடியே நடந்தாள். “எம்பட உசிரக் காப்பாத்திப்போட்டே. ஆனாத் தேடாம கொள்ளாம வந்துச்சு பாரு அந்தச் சொல்லு. வாய்க்குப் பக்கத்துலயே வெச்சிருந்திருக்கறே.”



மறுநாளும் மாடுகளுக்குத் தட்டு வேண்டுமே. இரண்டு பேரும் போனார்கள். இண்டம்புதருக்குள் காடைகள் கத்திக்கொண்டிருந்தன. நாச்சியம்மாள் வேண்டுமென்றே அடிக்கட்டை முழம் நிற்க அறுத்தாள். கருப்பாத்தாள் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு அடுத்த தட்டை அறுத்தாள். நாச்சியம்மாள் அவளுடைய கயிற்றையும் வேண்டுமென்றே எடுத்துத் தன் கட்டைக் கட்டினாள்.

“இது உன்ற கயிறுக்கா” என்றாள். ‘திருடி’ என்று ஒரு சொல் வராதா, ‘உங்காயா ஊட்டுப் புத்தி’ என்று ஒரு பேச்சு வராதா என்று காத்திருந்தாள்.

கருப்பாத்தாள் அருவாளை நிறுத்தி, நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“பரவால்லீங்க அம்மணி” என்றாள். “நீங்களே வெச்சுக்குங்க.”