குண்டுமணி வளையல்

சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய சங்கீதா, தட்டில் பாதி கோத்துக் கிடந்த வளையலைப் பார்த்து நின்றுவிட்டாள். நூலில் இருந்தவை வழக்கமான மஞ்சாடி விதைகள் இல்லை. சிவப்பில் கறுப்புக் கண் வைத்த குன்றிமணிகள். ஒவ்வொன்றிலும் துளை போட்டிருந்தது. சோளக்காடு என்னும் மலையூரில் விதை மாலையும் வளையலும் விற்கும் அந்தக் கடையை அவளும் கணவன் பிரேமும்தான் நடத்தினார்கள். குன்றிமணியைத் தொடுவதில்லை என்று கடை போட்ட அன்றே பேசி வைத்திருந்தார்கள்.

"இதுல யாருக்கு வித்தீங்க?"

"மஞ்சாடி தீந்துபோச்சு. ஒரு அம்மா கைக்கொளந்தைக்குக் கேட்டாங்க. இப்பப் போன பஸ்ஸுலதான் ஏறுனாங்க." பிரேம் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கையிலதான போடுது. யாரு திங்கப் போறா?"

 தெரியாமல் செய்தவன் இல்லை. தோட்டத்து வேலியில் இந்தக் கொடி படர்ந்தபோது, மகன் வாயில் போட்டுக்கொள்வான் என்று வேரோடு பிடுங்கி எரித்தவனே அவன்தான். தன் பிள்ளைக்கு விஷம், ஊரான் பிள்ளைக்கு வளையல்.

"வண்டிய எடு" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. அவன் எழுந்தான்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில், ஏறி வந்த லாரிக்கு வழிவிட்டு பஸ் நின்றிருந்தது. வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடிப்போய் ஏறினாள். தாயின் மடியில் குழந்தை வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. எச்சிலில் விதைகள் பளபளத்தன. பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து மணிகள் சிதறின. குழந்தை வீறிட்டது.

தாய் அவள் கையைத் தட்டிவிட்டாள். "என்னம்மா பண்றே? காசு குடுத்துத்தானே வாங்குனேன்?"

படியில் நின்ற பிரேம் சிரிக்கப் பார்த்தான். "அவ கொஞ்சம் அப்பிடித்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

சங்கீதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இது குண்டுமணிங்க. வெசம். ஓட்ட போட்டது இன்னும் மோசம், வெசம் வெளிய வந்துரும். தெரிஞ்சேதான் இந்தாளு கோத்து வித்தாரு. கொளந்த வாயில கையுட்டுப் பாருங்க."

தாய் விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். எச்சில் மட்டும்தான் வந்தது. முன்பே எதையாவது விழுங்கியிருந்தால்?  கண்டக்டர் டிரைவரிடம் ஓடி, எங்கும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

சங்கீதா பயணிகளின் கால்களுக்கிடையே தவழ்ந்து கிடைத்த மணிகளையெல்லாம் பொறுக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எறங்கு புள்ள, போலாம்" என்றான் பிரேம்.

"நீ எறங்கு."

அவன் இறங்கினான். அவள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய் நகர்ந்து இடம் விட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் வளைவில் சரிந்து இறங்கியது. அழுது ஓய்ந்த குழந்தை எட்டி, மூடியிருந்த அவள் கையைப் பிடித்து, பிஞ்சு விரல்களால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தப் பார்த்தது. அவள் இன்னும் இறுக்கி மூடினாள்.