பத்தொன்பதாவது பெயர்

ஹோரிகவா நாவோ வருகைப் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. திறந்தால் தோற்றதாகிவிடும், தனக்குத் தானே கட்டிக்கொண்ட பந்தயம் அது. ஏப்ரல் ஏழாம் தேதி, புதுப் பள்ளி ஆண்டின் முதல் நாள், காலை எட்டு இருபது. துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் பள்ளி, நான்காம் வகுப்பு. வாழ்க்கையில் முதன்முதலாக ஆசிரியை என்று ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்கிறாள்.

பக்கத்து வகுப்பு ஒகுமுரா டீச்சர் போன வாரமே எச்சரித்திருந்தாள். "முதல் மூணு நாள்தான்மா பொன்னான நாள். அதுக்குள்ள பிள்ளைங்க உன்னை எடை போட்டுடும். நாலாம் நாள் நீ தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது." அன்றிலிருந்து நாவோவுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டியலைப் பார்க்காமலேயே ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதல் மணியிலேயே அசத்திவிடுவது என்று முடிவுகட்டினாள். புதுப் பட்டியல் பள்ளி திறக்கிற அன்று காலையில்தான் கைக்கு வரும். ஏப்ரலில் பாதி ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள், பாதிப் பேர் புதிதாக வருவார்கள், ஆசிரியர் அறை சந்தைக்கடையாகக் கிடக்கும். இவளுக்குப் பொறுமை ஏது? மேசை இழுப்பறையில், மாற்றலாகிப் போன பழைய ஆசிரியர் விட்டுப்போன வகுப்புப் படமும் பெயர்ப் பட்டியலும் கிடைத்தன. ஊரில் ஒரே பள்ளி, வகுப்புக்கு ஒரே பிரிவு, அதே பிள்ளைகள்தானே என்று உருப்போட உட்கார்ந்துவிட்டாள். குளிக்கும்போது முகங்கள், பல் தேய்க்கும்போது பெயர்கள். பத்தொன்பது பேர். வகுப்பறையில் ஒரு மேசை குறைந்தது; அதைச் சாமான் அறையிலிருந்து கொண்டுவந்து போட்டாள். பத்தொன்பது பெயர்ச்சீட்டுகளை அவளே எழுதி, மேசைகளிலும் வாசலில் உள்ள செருப்புப் பெட்டிகளிலும் ஒட்டினாள்.

"அகிமோதோ தெப்பெய்."

"இருக்கேன், டீச்சர்!"

ஐந்தாவது பேரிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "டேய், டீச்சர் பாக்காமலே சொல்றாங்கடா!" என்று தெப்பெய் கத்தினான். வகுப்பே குதூகலித்தது. நாவோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிப் பெயருக்கு வந்தாள். படத்தில் இரண்டாம் வரிசை ஓரத்தில், முன்பல் விழுந்து, எல்லோரும் நேரே பார்க்கையில் தான் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த பெண்.

"வாஷியோ கோயுகி."

"இருக்கேன், டீச்சர்."

ஜன்னலோரக் கடைசி இடத்திலிருந்து வந்தது. சளிப் பிடித்தாற்போல் கொஞ்சம் கம்மிய குரல். நாவோ சிரித்த முகத்தோடு அந்தப் பக்கம் பார்த்தாள். நாற்காலி காலி. மேசையில் அவள் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் வெயிலில் கிடந்தது.

"கோயுகி எங்க? இப்பத்தானே பேசினா?"

முன்வரிசையில் இருந்த நகுமோ ஹியோரி எழுந்து நின்றாள். "கோயுகி செத்துப்போயிட்டா, டீச்சர். ஜனவரியில. காய்ச்சல்."

நாவோவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அவமானம். செத்த பிள்ளையின் பேரை அதன் சிநேகிதர்கள் முன்னால் கூவிவிட்டாளே, பாவி! கைக்கருகில் மூடிக் கிடந்த பதிவேட்டை அப்போதுதான் திறந்தாள். பதினெட்டுப் பெயர்கள்.

"மன்னிச்சுக்குங்க. டீச்சர் பெரிய தப்பு பண்ணிட்டேன்." பதிவேட்டை மூடினாள். "ஆனா பதில் சொன்னது யாரு? திட்ட மாட்டேன்."

பதினெட்டுத் தலைகளும் இல்லை என்று ஆடின. ஒரு முகத்திலும் குறும்பு இல்லை.

"அவ போனப்புறம் போன வருஷ டீச்சர் அவ பேரைக் கூப்பிடவே இல்ல. மறுநாளே மேசையையும் எடுத்துட்டாங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க," என்றாள் ஹியோரி. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்: "நாளைக்கும் கூப்பிடுவீங்களா?"

அரைநாள் பள்ளி முடிந்ததும் ஒகுமுரா டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே, துணைத் தலைமையாசிரியர் உங்கிட்ட சொல்லலையா? நான் சொல்லியிருப்பேன்னு அவரு, அவரு சொல்லியிருப்பாருன்னு நானு. நல்ல லட்சணம் போ!"

"குரல் கேட்டுச்சு டீச்சர். நிஜமா."

"வாண்டுங்க வேலை அது. மேசையை இப்பவே எடுத்துடு. நாளைக்கும் அந்தப் பேரைக் கூப்பிட்டேன்னு வையி, அவங்கம்மா காதுக்குப் போகும். உன் பொன்னான நாளெல்லாம் மண்ணாப் போயிடும், சொல்லிட்டேன்."

மேசையையும் நாற்காலியையும் நாவோவே தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில் வைத்தாள். பிறகு பெயர்ச்சீட்டைக் கிழிக்க வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்; பள்ளிக்குள் மட்டும் போடும் வெள்ளைச் செருப்புகள் பெட்டிக்கு ஒரு ஜோடியாக இருந்தன. காலையில் காலியாக இருந்த பத்தொன்பதாவது பெட்டியிலும் ஒரு ஜோடி இருந்தது. ஏதாவது பிள்ளை வைத்திருக்கும், பழைய ஞாபகத்தில் வைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டாள். இப்போதுதான் காலிலிருந்து கழற்றியதைப் போல உள்புறம் வெதுவெதுப்பாக இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சீட்டைக் கிழிக்கவில்லை.

மறுநாள் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே கூப்பிட்டாள். கூப்பிடக் கூடாது என்றுதான் வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். பதினெட்டாவது பெயரும் முடிந்தது. ஜன்னலோரத்தில் மேசை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்து மேசைப் பையன்கூடத் தன் பையை அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கவில்லை. ஹியோரி இவளையே பார்த்தாள். பெற்றவள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நாவோவுக்குத் தெரியவில்லை. இந்தப் பதினெட்டு முகங்களை இப்போது ஏமாற்றினால் பிறகு வருடம் முழுக்க இவளுக்கு இங்கே இடமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இந்தத் தடவை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு, "வாஷியோ கோயுகி," என்றாள்.

பதினெட்டு வாய்களும் மூடியிருந்தன.

"இருக்கேன், டீச்சர்."

ஜன்னல் பக்கத்திலிருந்து வரவில்லை. உட்கார இடமில்லாமல் போன பிள்ளை வந்து நிற்பதுபோல, நாவோவின் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பிள்ளைகள் யாரும் நாவோவைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில் சற்றுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாவோ திரும்பவில்லை. பின்னால் கையை நீட்டித் தன் நாற்காலியைத் தொட்டு, மெல்ல இழுத்து, குரல் வந்த பக்கமாக, உட்காரத் தோதாகத் தள்ளி வைத்தாள்.