கங்கம்மா நின்ற சுவர்

மேஜைமேல் விரித்த வரைபடத்தில் அரண்மனை நாலு நிறங்களில் கிடந்தது. கறுப்பு, ஆதியில் கட்டிய நடுமுற்றம். பச்சை, அதை ஒட்டி எழுந்த தர்பார் மண்டபம். நீலம், பிறகு மேலே ஏறிய ராணிகளின் மாடி. சிவப்பு, ரயில் வந்த காலத்தில் மேற்கே ஒட்டவைத்த உருண்டைத் தூண் முகப்பு.

வரைந்தவள் பிரேமலதா. நாராயணவனம் பக்கத்து இந்த ஜமீன் மாளிகைகூட ஓட்டலாக மாறத் துடித்த தொண்ணூறுகள் அவை. பெங்களூர்க் கம்பெனி அனுப்பிய எஞ்சினியரம்மா, இதே ஊர்க் காலனியில் பிறந்தவள் என்பது ஜமீன் வாரிசு விஜயராமராஜுவுக்கு நன்றாகத் தெரியும்.

"கிழக்குச் சுவத்துல ஜெனரேட்டர் ரூம் போட்டுடும்மா. கொல்லைப்புறம்தானே," என்றார் அவர்.

ஜாத்திரையன்று காலனி அம்மன் கங்கம்மாவின் கரகம் இறங்குவது அந்தச் சுவரடியில்தான். முகப்புப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவிட்ட இடம். இப்போது அதற்கும் ஆபத்து. ஊரில் பேச்சு அடிபட, காலையிலேயே பிரேமலதாவின் அப்பா ரங்கையா கேட்டிருந்தார்: "ஊருக்கெல்லாம் பில்டிங் கட்டிக்கினு கீறே. நம்ம அம்மன் நிக்க எடம் வுடமாட்டியா?"

"அது கொல்லைப்புறம் இல்லீங்க சார். வாங்க, காட்றேன்," என்றாள் பிரேமலதா.

முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். அது கருங்கல் சாக்கடையில் இறங்கி, மேற்கே ஓடி, தூண் முகப்பின் படிக்கடியில் மறைந்தது.

"எந்த ராஜாவாவது தலைவாசல் வழியா சாக்கடை வுடுவாரா? ஸ்டேஷன் ரோடு மேற்கால வந்ததும் உங்க தாத்தா அரண்மனையையே திருப்பிட்டாரு. ஆதி வாசல் கிழக்காலதான்."

"அப்போ கலெக்டர் தொரைக்கு எங்க தாத்தா மாலை போட்டது..."

"சாக்கடை மேலதான்."

மகளோடு வந்து ஓரமாக நின்றிருந்த ரங்கையா, சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கிழக்குச் சுவரில் காரையைச் சுரண்டச் சுரண்ட, ஆளுயரத்துக்கு மேலான ஒரு கல் வாசல்நிலை வெளிப்பட்டது. உச்சியில் யானைகள் நீராட்டும் லட்சுமி. கொல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள், தலைமுறை தலைமுறையாக அம்மனை ராஜவாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ராஜு நெடுநேரம் கல்லைத் தடவிப் பார்த்தார். அவர் முகத்திலும் பெருமை ஏறியது.

"ஜெனரேட்டரை மேற்கால தள்ளிடும்மா. வாசலைத் திற. ரங்கையா, வர்ற ஜாத்திரைக்கு அம்மனை உள்ளயே கூட்டியாந்துடு."

"உள்ள எதுக்கு தொர?" என்றார் ரங்கையா. "அம்மன் நின்ன எடத்துலயே நிக்கும். நீங்க இந்தப் பக்கமா வெளிய வந்து கும்புடுங்க."