அவள் நிழல் பட்ட கோப்பை

ஷூ கயிற்றை அவள் இறுக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அவுத்துடு. இன்னைக்கு நீ போகலை."

"பஸ் கிளம்பப் போகுது அத்தை."

"கிளம்பட்டும். ஃபைனலுக்குப் போற பிள்ளைங்க எதிர்ல நீ போய் நிக்க வேண்டாமாம். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரம்மா நேத்தே சொல்லிட்டாங்க."

கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் கேப்டன். அவளும், அதே அணியில் ஆடிய தோழி நெட்டையும் சேர்ந்துதான் குடியிருப்பு மைதானத்தில் சிறுமிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார்கள். கேப்டனின் கணவன் விபத்தில் இறந்துபோனபின் மைதானத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்து இன்னொருத்திக்குக் காய்ச்சல். "இன்னைக்கு யார் மூஞ்சியில முழிச்சே?" என்று மகளைக் கேட்டாள் ஓர் அம்மா. அதன்பின் அம்மாக்கள் கம்பி வேலியோரம் கூடிக் கூடிப் பேசினார்கள். கேப்டன் அந்தப் பக்கம் போனால் பேச்சு சட்டென்று அடங்கிவிடும்.

"என் பொண்ணும் அந்த டீம்லதான் ஆடுறா, அத்தை."

"அதனாலதான் சொல்றேன். என் பிள்ளையை வாரிக் குடுத்துட்டேன், பேத்தியாவது நல்லா இருக்கட்டும். மீறிப் போனே, அவ என்கூட இருப்பா. நீ உங்க அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டு."

நெட்டை போனில் அழைத்தாள். "மன்னிச்சுக்கோடி. நீ வந்தா மைதானத்தைப் பூட்டிடுவேன்னு செயலாளரம்மா மிரட்டுறாங்க. நான் என்ன பண்ண?"

கேப்டன் போனை வைத்தாள்.

மாமியார் மற்ற அம்மாக்களோடு காரில் ஏறிப் போனாள். கார் தெருமுனை திரும்பியதும் கேப்டன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். போட்டி நடந்த அரங்கத்தின் கடைசி வரிசையில், தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு திருடியைப்போல உட்கார்ந்தாள். கீழே மகள் பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டு, அம்மா இருக்கவேண்டிய காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் கேப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்வழியாக இறங்கி, பிள்ளைகள் உடை மாற்றும் அறையைத் தட்டினாள். நெட்டைதான் திறந்தாள். ஒரு கணம் தயங்கினாள், பிறகு வழிவிட்டாள்.

"அழுறதுக்கு இப்ப நேரமில்லை," என்றாள் கேப்டன் பிள்ளைகளிடம். "எதிர் டீம்ல அந்த உசரமான பொண்ணு வலப்பக்கம்தான் திரும்புறா. இடது அவளுக்கு வரவே வராது. வலது பக்கத்தை அடைச்சுடுங்க."

பிள்ளைகள் அடைத்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

மாலையில் மகளைக் கூட்டிவர அவள் செயலாளரம்மா வீட்டுக்குப் போனபோது கூடம் நிறைந்திருந்தது. செயலாளரம்மா கோப்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா? அவ நிழல் படாத ஒரே நாள், கப்பு தானா வீட்டுக்கு வந்துடுச்சு!"

அம்மாக்கள் தலையாட்டினார்கள். மாமியாரும் ஆட்டினாள். அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த மகள், வாசலில் நின்ற அம்மாவைக் கலக்கத்தோடு பார்த்தாள். எதுவும் சொல்லாமல் கேப்டன் திரும்பிவிடலாம். மகளும் வீடும் கையில் இருக்கும்.

"பட்டுச்சு," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இடைவேளையில பிள்ளைங்ககிட்ட பேசினது நான்தான். அதுவரைக்கும் தோத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

மூலையில் நெட்டை தலை நிமிர்ந்தாள். "ஆமா. கதவைத் திறந்துவிட்டது நான்."

செயலாளரம்மா, நெருப்பைத் தொட்டுவிட்டவள்போலக் கோப்பையைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்தாள். "நாளையிலேர்ந்து மைதானம் கிடையாது," என்றாள்.

பிள்ளைகள் ஓடி ஓடி ஜெயித்த கோப்பை அங்கேயே கிடந்தது. பெரியவர்கள் கால்களை நகர்த்திக்கொண்டார்கள்.

கேப்டன் உள்ளே வந்து மகளிடம் கையை நீட்டினாள். மாமியார் பேத்தியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள், முகம் கறுத்துப்போயிருந்தது. பாட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மகள் எழுந்தாள்.