எதிர்க்கடையைப் பார்க்கும் கேமரா

ஸ்கேல் கடையில் திருடுவதைப் போலச் சுலபமான வேலை அந்தத் தெருவில் வேறு கிடையாது. உள்ளே போகலாம், வேண்டியதை எடுக்கலாம், வரலாம். அவசரமே இல்லை. பேனா என்றால் கிறுக்கிப் பார்த்து, மை ஒழுகினால் திரும்ப வைத்துவிட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

கடைக்காரனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆறடிக்கு மேல் உயரம், ஒரு சாண் அகலம். நோட்டு, பேனா, பசை, பேட்டரி, கத்தரிக்கோல் என்று விற்கிற ஆள் என்பதால் தெருவே அவனுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்துவிட்டது. அவனும் அதற்கே தலையைத் திருப்பப் பழகிவிட்டான்.

கடை ஒடுக்கமாக உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசலில் கல்லா. சரக்கெல்லாம் அதற்குப் பின்னால், இரண்டு பக்கமும் அலமாரிகளில். சரக்கைக் கண்காணிக்க வேண்டுமென்றால் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஸ்கேல் சரக்குக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தான். தெரு என்றால் முழுத் தெருவும் இல்லை. நேர் எதிரே, பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு தையல் கடை இருந்தது. அதில் ஒரு மெஷின். மெஷினுக்குப் பின்னால் தையல்காரி.

அவள் ஒற்றை ஆளாக வந்து அங்கே கடை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கேல் கடையில் பேட்டரி காணாமல் போக ஆரம்பித்தும் சரியாக இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஸ்கேலுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய அக்காவுக்குத் தெரியாது.

தெருவில் பெண்கள் எல்லோரும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், அறுபதைத் தாண்டிய பால்காரம்மா உட்பட. தையல்காரி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. “கடைக்காரரே, சாக்பீஸ் இருக்கா?” என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஸ்கேல் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டான். “இருக்கு” என்று சொல்லி எடுத்துக் கொடுப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வெட்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் பயம்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடையில் பாதிப் பங்கு அவளுடையது, அதிகாரம் முழுவதும் அவளுடையது. தினமும் காலையில் வந்து அலமாரியைப் பார்ப்பாள், தம்பியைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள். ஒருநாள் வியாபாரிகள் சங்கத் தலைவர் தன் செருப்புக் கடையில் திருட்டுத் தடுப்புக் கூட்டம் நடத்தினார். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள்.

“உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் நேராப் பாத்து வாங்கன்னு சொல்லணுமாம்டா. நம்மளப் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சாலே திருட வந்தவனுக்குப் பாதி தைரியம் போயிடுமாம். விலை கூடின சின்னச் சாமானெல்லாம் கல்லாகிட்ட இருக்கணுமாம். மூலையில வளைஞ்ச கண்ணாடி மாட்டணுமாம்.”

“செஞ்சிடலாம்க்கா.”

“நீ செய்யமாட்டே. அதனாலதான் கேமரா வாங்கிட்டு வந்துட்டேன்.”

“அதுக்கு ரொம்ப ஆகுமேக்கா.”

“நிஜக் கேமராவுக்கு ஆகும். இது பொம்மை. ரெண்டு பேட்டரி போட்டா சிவப்பு லைட்டு மினுக்கும், அவ்வளவுதான். யாருகிட்டயும் மூச்சு விடாதே.”

அலமாரியைப் பார்க்கிற மாதிரி மாட்டு என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கேமரா வாசலுக்கு மேலே, தெருவைப் பார்த்து, இன்னும் சரியாகச் சொன்னால் தையல் மெஷினைப் பார்த்து, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஸ்கேலுக்கே அது எப்படி நடந்தது என்று புரியவில்லை. கண் போன பக்கம் கையும் போயிருக்கிறது.

“திருடன் உள்ளயாடா இருக்கான், வெளிய இருக்கானா?” என்றாள் அக்கா.

“வெளியேருந்துதானேக்கா உள்ள வர்றான்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் திருகாணி நான்கும் சுவரில் இறங்கியாகிவிட்டது. கேமரா அப்படியே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தெருவில் திருட்டு அநேகமாக நின்றுபோனது. வாசலில் விட்ட செருப்பு வாசலிலேயே இருந்தது. நிறுத்திய வண்டியில் பெட்ரோல் குறையவில்லை. பால் பாக்கெட் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஸ்கேல் கடைக்குள் மட்டும் பேட்டரி வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரனைப் போலவே கேமராவும் சரக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் திருடனுக்கு என்ன கவலை?

தெருக்காரர்கள் சந்தேகம் கேட்டும் வர ஆரம்பித்தார்கள். சலூன்காரர் தன் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை என்று வந்தார். ஸ்கேல் மறுநாள் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் சொன்னான்: “நாய் தூக்கிட்டுப் போச்சுண்ணே. முனையில இருக்கற அச்சாபீஸுக்குப் பின்னாடி பாருங்க.” இருந்தது. பால்காரம்மாவின் சைக்கிள் மணியை யார் கழற்றியது என்றும் சொன்னான். அதுவும் சரியாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. காலை ஒன்பதிலிருந்து இருட்டும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு எதிர்க்கடைக்கு முன்னால் குறுக்கே போகிற நாயும் மனிதரும் தெரியாமல் இருப்பார்களா? பார்த்தது கேமரா என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். தலைவர் வந்து தோளைத் தட்டி, “நம்ம சங்கத்துக்கே பெருமை தம்பி” என்றார். ஸ்கேல் இன்னும் அரை அங்குலம் உயர்ந்தான்.

அப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தையல் கடை வாசலில் சத்தம் கேட்டது. கத்தியது கட்டடக்காரம்மா. தையல் கடை இருக்கிற கட்டடம் அந்த அம்மாளுடையது. காலையில் கோட்டுக்குக் கை நீளம் குறைக்க வந்திருந்தாள். இப்போது ஒரு கையில் கைப்பை, மறு கையில் மடக்கிய குடை, பக்கத்தில் துணைக்குத் தலைவர்.

“அளவெடுக்கக் கழட்டி வெச்ச வாட்ச்ச எங்க வெச்சே?”

தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். கடைசி ஊசி வந்த பிறகுதான் பேச முடிந்தது. “நான் எடுக்கலம்மா.”

“அப்ப அதுக்குக் கால் முளைச்சுப் போச்சா? ஆறு மணிக்குள்ள வாட்ச் வரணும். வரலேன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு நீ கிளம்பு. திருட்டுப் பட்டம் வாங்கினவளுக்கு இந்த ஊர்ல எவன் கடை குடுக்கிறான்னு நானும் பாக்கறேன்.”

தையல்காரியின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்கேலுக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் தலைவர், பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்டவர் போல, எதிர்ப்பக்கம் கை நீட்டினார். “எதுக்கும்மா சண்டை? அதான் கேமரா இருக்கே.”

மொத்தத் தெருவும் திரும்பியது. கேமரா சிவப்பாக மினுக்கியது. தையல்காரியும் திரும்பினாள், ஆனால் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே நின்றவனைப் பார்த்தாள். என்னைக் காப்பாற்ற நீ இருக்கிறாய் என்று அந்தப் பார்வை சொன்னது. ஸ்கேல் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான்.

ஏனென்றால் வாட்ச் எங்கே என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும்.

தெருவில் இறங்கி நடுவில் வந்து நின்றான். “குடைக்குள்ள பாருங்கம்மா.”

கட்டடக்காரம்மா குடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “என் வாட்ச்ச நானே திருடிக்கிட்டேன்னு சொல்றியா? மொதல்ல படத்தைப் போட்டுக் காட்டு. அப்புறம் குடையைப் பத்திப் பேசு.”

“படம் இல்லம்மா.”

“ஏன் இல்ல?”

“அது பொம்மை.”

விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த அக்கா பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். சலூன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப என் செருப்பை நாய் தூக்கினது?”

“அது நிஜம்ணே. நான் பாத்தேன்.”

“ஓ, நீ பாத்தே” என்றாள் கட்டடக்காரம்மா. “அங்க உக்காந்துக்கிட்டு இங்க நடந்ததைப் பாத்தே. சரி, என்ன பாத்தே, சொல்லு. ஒண்ணு தப்பா இருந்தாலும் நீயும் இவளும் கூட்டுன்னு நேரா போலீஸுக்குப் போவேன்.”

ஸ்கேல் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“பதினொண்ணு பத்துக்கு நீங்க வந்தீங்க. அப்ப அவங்க நீல நூலைக் கழட்டிட்டுச் சாம்பல் நூல் கோத்துக்கிட்டு இருந்தாங்க. மூணாவது தடவைதான் நூல் நுழைஞ்சுச்சு. நீங்க குடையை மேஜையோரமா சாய்ச்சு வெச்சீங்க. வாட்ச்சைக் கழட்டி மேல வெச்சீங்க. அவங்க வாயில நாலு குண்டூசி. இடது கையால உங்க கோட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால கோடு போட்டாங்க. கோடு கோணிடுச்சு. கோணினா மூக்கைச் சுருக்குவாங்க. சுருக்கினாங்க. அதைத் தட்டி அழிச்சிட்டு மறுபடியும்...”

“வாட்ச்சு, தம்பி” என்றார் தலைவர்.

“வர்றேன் சார். பதினொன்றரைக்கு அவங்களுக்குக் கழுத்து வலிக்கும். அப்ப இப்படி இடது பக்கம் சாய்ச்சு ஒரு நிமிஷம் வெச்சிருப்பாங்க. இன்னிக்கும் சாய்ச்சாங்க. அந்த நேரத்துல...”

“தினமும் பதினொன்றரைக்கா?” என்றாள் அக்கா. மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“தினமும்தான்க்கா” என்று சொல்லிவிட்ட பிறகுதான் தன் வாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஸ்கேலுக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தான். பால்காரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் நடுவில் நிறுத்தினால் தையல்காரியின் மெஷின் தெருவுக்கு வந்துவிடும். வழி குண்டும் குழியுமாக இருந்தாலும் இறங்கியாகிவிட்டது, கடந்துதான் ஆக வேண்டும்.

“நீங்க கிளம்பறப்ப பையை வெடுக்குனு இழுத்தீங்க. பை வாரு வாட்ச்சுல மாட்டி அது குடைக்குள்ள விழுந்துச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான் எந்திரிச்சேன். அப்பப் பாத்து அவங்க நிமிந்து இந்தப் பக்கம் பாத்தாங்க. நான் உக்காந்துட்டேன். எல்லாம் மறந்துபோச்சு.”

கட்டடக்காரம்மா அவனைப் பார்த்தாள், தையல்காரியைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் குடையை விரித்தாள். வாட்ச் தலைவரின் கால்மேல் விழுந்தது. அவர் அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். “ஓடுதும்மா” என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

மன்னிப்பு என்கிற சொல் அந்த அம்மாளின் வாய்வரை வந்தது. அங்கே இடம் பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டது. “கோட்டு எப்பக் கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

“திங்கக்கிழமை” என்றாள் தையல்காரி.

குடை தெருமுனை திரும்பிய பிறகும் கூட்டம் கலையவில்லை. இதற்கு மேல்தான் சுவாரசியம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து முறைத்த பிறகு ஒவ்வொருவராக, மனமில்லாமல், நகர்ந்தார்கள். ஸ்கேல் கல்லாவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். அந்த உயரத்துக்குப் பதுங்குவது எளிதில்லை.

“ஆக ரெண்டு வருஷமா பேட்டரி போனதுக்குக் காரணம் இதுதான்” என்றாள் அக்கா. அவன் பதில் சொல்வதற்குள் தையல்காரி தெருவைக் கடந்து வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள்.

“சாக்பீஸா?” என்றான் ஸ்கேல்.

“இல்ல” என்றாள். கல்லாவின் விளிம்பில் கையை வைத்தாள். “நாள் பூரா எங்க கடையையே பாத்துக்கிட்டு இருந்தா உங்க கடையை யாரு பாக்கறது?”

“யாரும் பாக்கல.”

“பேட்டரி எடுக்கறது கட்டம்போட்ட சட்டைக்காரர். வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். பசை பாட்டில் எடுக்கறது தடிமனாக் கண்ணாடி போட்டவங்க, ஒண்ணுக்குக் காசு குடுத்துட்டு ஒண்ணைப் பையில போட்டுக்குவாங்க. பேனா உங்க தலைவர். எழுதிப் பாக்கறேன்னு எடுப்பார், எழுதிப் பாத்துட்டு ஞாபகமா தன் பாக்கெட்லயே சொருகிக்குவார்.”

அக்கா கல்லாவில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடி எடுத்து அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “இத்தனையும் பாத்திருக்கே. ஏம்மா ஒருநாள்கூட வந்து சொல்லல?”

தையல்காரி வாய் திறந்தாள், மூடினாள். வாயில் ஒரு குண்டூசிகூட இல்லாமல் அவள் பேச முடியாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“சொல்லியிருந்தா எப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்களே” என்றாள் கடைசியில்.

அக்கா காகிதத்தை மடித்தாள். கல்லாவின் பலகையைத் தூக்கி வழிவிட்டாள். ஸ்கேல் குனிந்து அதற்கு அடியில் வந்தான். “அங்கேருந்து பாத்தா எங்க கடை அவ்வளவு நல்லாவா தெரியுது?” என்று கேட்டுவைத்தான்.

“வந்து பாருங்க.”

“போடா” என்றாள் அக்கா. “இங்க நான் இருக்கேன்.”

பன்னிரண்டு அடி. அவன் காலுக்கு நான்கு எட்டு. மெஷினுக்குப் பக்கத்தில் அவள் இழுத்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் கடையை அவன் முழுதாகப் பார்த்தான். அலமாரிகள் கடைசிவரை தெரிந்தன. பேட்டரித் தட்டு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் கல்லா தெரிந்தது. அதில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகத்தில் சிரிப்பை அடக்குகிற உதட்டுச் சுழிப்புகூடத் தெரிந்தது.

“எல்லாமே தெரியுது” என்றான்.

“ஆமா” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. “ரெண்டு வருஷமா தெரியுது.”