பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை

மேலாளர் ஒரு மணி நேர வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

'பெண் ஊழியர்களைப் புரிந்துகொள்வது எப்படி' என்று தலைப்பாம். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பல பெண்களுக்கு வருகிற எரிச்சல், வலி, அழுகை, தூக்கமின்மை பற்றியெல்லாம் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மனிதர் திரும்பி வந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "எனக்குப் புரியுதும்மா" என்பார். கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போனாலும் அதே பதில்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது. பேக்கிங் பெண்கள் அவருக்குப் 'புரிஞ்சவரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கால் வைத்தியர்கூட இல்லை.

அது கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் செய்யும் தொழிற்சாலை. இந்தக் கதையின் நாயகி அங்கே பரிசோதகர். காற்று ஏற்றிய ரெகுலேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு. ஒரு பேட்ச்சில் மூன்று கசிந்தால் மொத்த பேட்ச்சுக்கும் சிவப்புச் சீட்டு கட்டுவாள். சீட்டு தொங்கும்வரை அதில் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. பதினோரு வருடமாகத் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. அவள் கை தாண்டிப் போன ரெகுலேட்டர் எந்த வீட்டிலும் கசிந்ததாகப் புகார் வந்ததில்லை. அவளுக்கென்று அங்கே இருந்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

ஒளிப்பானேன், வகுப்பில் படம் போட்டுக் காட்டிய அந்தத் தொந்தரவு அவளுக்கு உண்டு. மாதத்தில் ஒரு வாரம் மார்பு கனக்கும், தூக்கம் போகும், செருப்பு வார் அறுந்ததற்கெல்லாம் அழுகை வரும். ஒருநாள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்ட கணவனைப் பார்த்துக் கரண்டியை வீசினாள். அது சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. பிறகு அந்தச் சுவரைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே டாக்டரிடம் போனாள்.

"பேயும் இல்ல, திமிரும் இல்ல," என்றார் டாக்டர் அம்மா. "ஒரு நோட்டுப் போடுங்க. தூக்கம், வலி, கோபம், தினமும் மூணுக்கு எத்தனைன்னு மார்க் போடுங்க. பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம். காரணமே இல்லாம வர்ற கோபம் எது, நியாயமா வர்ற கோபம் எதுன்னு உங்களுக்கே பிடிபடும்." காபியைக் குறைக்கவும், வயிற்றைக் காயப்போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவும், மாலையில் நடக்கவும் சொன்னார். அப்படியும் அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது என்றார்.

நோட்டு வேலை செய்தது. எந்த வாரம் என்று தெரிந்ததே பாதி நிம்மதி. "இந்த வாரம் எங்கிட்ட வாய் குடுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததில், கணவனும் துண்டைக் கொடியில் போடக் கற்றுக்கொண்டான்.

அந்த நோட்டு தொழிற்சாலையில் அவள் மேசை டிராயரில் இருந்ததுதான் வினை. ஸ்டேப்ளர் தேடப் போன புரிஞ்சவர், ஸ்டேப்ளரை விட்டுவிட்டு நோட்டைப் படித்தார். படித்ததோடு விட்டாரா? அவளையே அறைக்குக் கூப்பிட்டுப் பெருமையாகச் சுவர்க் காலண்டரைக் காட்டினார். நோட்டில் அந்த மாதம் மார்க் ஏறியிருந்த பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரை பென்சிலால் வட்டம், பன்னிரண்டு மாதத்துக்கும்! "உங்களுக்காகத்தாம்மா," என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. போன மாதம் அந்த ஏழு நாளும் அவளை லேபிள் ஒட்ட அனுப்பினார். இந்த மாதம் மாற்று ஆள் கிடைக்கவில்லை. அதனால் அந்த நாள்களில் அவள் கட்டும் சிவப்புச் சீட்டைத் தானே பார்த்து முடிவு செய்வதாக ஒரு புதுச் சட்டம் போட்டார்.

இருபத்து மூன்றாம் தேதி, வாசலில் லாரி நின்றது. நானூறு ரெகுலேட்டர் போக வேண்டும். தொட்டியில் மூன்றாவது கசிவைப் பார்த்தாள். கடுகளவு குமிழிதான், ஆனால் விடாமல் வந்தது. சீட்டைக் கட்டினாள். புரிஞ்சவர் ஓடோடி வந்தார்.

"இன்னைக்கு இருபத்தி மூணும்மா."

"ஆமா சார், இருபத்தி மூணுதான்."

"அதான் சொல்றேன். இந்த மாதிரி நாள்ல சின்னதெல்லாம் பெருசாத் தெரியும். எனக்குப் புரியுது. நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க." சொல்லிக்கொண்டே சீட்டை அவிழ்த்துவிட்டார்.

நானூறு அடுப்படி அவள் கண்முன்னே வந்தது. பதினோரு வருடப் பெயர் லாரி ஏறப் போகிறது. ஆத்திரம் அவளுக்குத் தலைக்கேறியது. ஆனால் வீசுவதற்குக் கரண்டி தேவைப்படவில்லை. பேனாவை எடுத்து நீட்டினாள்.

"பின்பக்கம் எழுதிட்டு எடுத்துட்டுப் போங்க சார்."

சீட்டின் பின்பக்கம், எடுப்பவர் பெயர், காரணம், கையெழுத்து என்று மூன்று கோடுகள் உண்டு. முதலாளியே அச்சடிக்கச் சொன்னவை. புரிஞ்சவர் இதுவரை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"என்னம்மா எழுதறது?"

"இப்ப வாயால சொன்னதையே எழுதுங்க. 'பரிசோதகருக்கு மாதவிடாய் வரப்போகுது, அதனால ரெகுலேட்டர்ல கசிவு இல்லை.' எழுத்து தெளிவா இருக்கட்டும் சார். நாளைக்கு ஏதாவது ஒரு வீட்ல பத்திக்கிட்டா முதல்ல இந்தச் சீட்டைத்தான் கேப்பாங்க."

பேக்கிங் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் நின்றுபோனது. பேனா காரணத்துக்கான கோடுவரை போய் அங்கேயே நின்றது.

"இதையெல்லாம் எப்படிம்மா எழுத முடியும்?"

"எழுத முடியாததைச் செய்யவும் கூடாது சார்." நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "இன்னொண்ணு. இது என்ன சம்பளத் தேதியா, மாசாமாசம் ஒரே நாள்ல வர? எனக்கு இருபத்தாறு நாளைக்கு ஒரு தடவை. தேதி முன்னால நகந்துகிட்டே போகும். இந்த மாசம் பதினாறாம் தேதியே வந்து, முடிஞ்சும் போச்சு. இன்னைக்கு நான் கல்லு மாதிரி இருக்கேன். பாடாப்பட்டது ஒம்போதுலருந்து பதினஞ்சு வரைக்கும். அந்த வாரம் ரெண்டு சீட்டு கட்டினேன், நீங்க ஒண்ணையும் தொடலை. ரெண்டு பேட்ச்சையும் பிரிச்சப்ப ரப்பர் வளையம் வெட்டுப்பட்டிருந்துச்சு. ரிப்பேர் ரிஜிஸ்டர்ல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

புரிஞ்சவர் விரல்விட்டுத் தேதிகளை எண்ணிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் "எனக்குப்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கினார்.

"புரியுதா சார்?" என்று பேக்கிங் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவரே சீட்டைத் திரும்பக் கட்டினார். முடிச்சுகூடச் சரியாக விழவில்லை. லாரி காலியாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் காலண்டரில் வட்டங்களை ரப்பரால் அழித்துவிட்டார். அழுத்தி வரைந்திருந்ததால் தடம் மட்டும் பன்னிரண்டு மாதத்திலும் கிடந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் நோட்டைத் திறந்தாள். தூக்கக் கெடுதி பூஜ்யம், வலி பூஜ்யம், கோபம் மூன்று. கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"மூணா? இன்னும் நாள் இருக்கே?"

"பக்கத்துக் கட்டத்தைப் படிங்க."

'மேலாளர்' என்று படித்துவிட்டுச் சிரித்தான். "இதுக்கு டாக்டர்கிட்ட மருந்து இருக்கா?"

"எதுக்கு? இன்னைக்கு நானே குடுத்துட்டேன்," என்று நோட்டை மூடினாள்.