டிரையர் தட்டுகிறது

டிரையரின் முன் தகட்டைக் கழற்றி எடுத்தபோது சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வந்தேன். மேல் மூடிக்கு இரண்டு, முன் தகட்டுக்கு நான்கு. திரைச்சீலைக் கடையில் பதினாறு வருடமாகத் தையல் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். பெல்ட்டும் மோட்டாரும் எனக்குப் புதிதில்லை. என் கணவர் பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவருக்கு. எள்ளை விடப் பெரிய ஸ்க்ரூவைப் பார்த்தாலே பயம்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டா அரை மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிடுவான்."

"நானே பாக்கணும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

ஐந்து மாதமாகச் சொல்லாததை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எப்படிச் சொல்வது?

டிரையர் இருப்பது சமையலறைக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடுக்கில். அதன் முதுகு ஒட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை. அவர் என் நாத்தனார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விளையாட்டு டீச்சர். எங்களையும் விசில் ஊதித்தான் சாப்பிடக் கூப்பிடுவார். பக்கவாதம் வந்து வாய் கோணிய பிறகு பேச்சும் போயிற்று, விசிலும் போயிற்று. மருந்து கொடுக்கும் ஸ்பூனின் காம்பில் பச்சைத் திரைச்சீலை நாடாவைச் சுற்றிக் கொடுத்தேன், பிடி வழுக்காமல் இருக்க. வேண்டியபோது அதால் சுவரில் தட்டுவார். இரண்டு தட்டு. போகத் தாமதமானால் மறுபடி இரண்டு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. ஜன்னலைத் திற, ஜன்னலைச் சாத்து, நீ என்ன செய்கிறாய் என்று காட்டிவிட்டுப் போ. எனக்கு எரிச்சல் வரும். வரவில்லை என்றால் பொய்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் மதியம் நான் கூடத்தில் கடைக்கான திரைச்சீலைக் கொக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அக்காவுக்கு மாற்றிய விரிப்பும் தலையணை உறையும் உள்ளே. டொக் டொக். ஒரு மூச்சு விட்டு, டொக் டொக். அக்கா கூப்பிடுகிறார் என்று எழுந்தேன். இல்லை, டிரையர்தான் என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், டிரையர் என்று நினைப்பது சௌகரியமாக இருந்தது. இருபது நிமிடம் அப்படியே கேட்டுக்கொண்டு எண்ணினேன். டிரையர் நின்றபோது தட்டும் சத்தமும் இல்லை. இரண்டும் ஒன்றாக நின்றதா, தட்டு கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டதா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனபோது அக்காவுக்கு மூச்சு இல்லை. கை சுவர் பக்கமாக நீட்டியபடி இருந்தது. கூப்பிட்டார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, அக்கா கடைசியாகப் படுத்திருந்த விரிப்பைத் துவைத்து டிரையரில் போட்டேன். டொக் டொக். எழுந்து அக்காவின் அறை வரை போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படியானால் அன்றைக்கும் இதுதான். ஆனால் அதற்கு முன்னால் டிரையர் இப்படித் தட்டியதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்தால் இப்படித் தட்டுமாம். தேய வருடக்கணக்காகும். தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

பெல்ட்டைத் தளர்த்தி டிரம்மை வெளியே இழுத்தேன். கணவர் ஒரு பக்கம் பிடித்தார். உருளைகளை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டும் வழவழவென்று இருந்தன, ஒரு கீறல் இல்லை. டார்ச்சை அடித்தேன். அடித்தட்டில் சாம்பல் நிறப் பஞ்சுத் தூசிக்குள், டிரம் சுற்றும்போது உரசுகிற உயரத்தில், ஒரு ஸ்பூன் செருகி நின்றது. காம்பில் பச்சை நாடா.

நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். கொக்கி, இருபது நிமிடம், டாக்டரிடம் சொன்ன பொய். "கடைசி விரிப்போட இது உள்ள போயிருந்தா, அன்னைக்குத் தட்டினது அக்காதாங்க. நான்தான் போகலை."

அவர் ஸ்பூனை வாங்கித் தூசியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அன்னைக்குக் காலையிலேயே இது அவ கையில இல்ல," என்றார். "உறை மாத்தினோமில்ல, அதுக்குள்ள நழுவியிருக்கணும். நான் கிளம்பும்போது வெறும் கையை இப்படி ஆட்டி ஆட்டிக் காட்டினா. ஸ்பூனைக் காணோம்னு புரிஞ்சுது. பஸ் வந்துடும்னு, சாயந்தரம் தேடித் தரேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். உங்கிட்டகூடச் சொல்லலை."

அப்படியானால் நான் கேட்டது டிரையரைத்தான். ஐந்து மாதமாக நான் வேண்டிக்கொண்ட பதில். அது கிடைத்த இடத்தில் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தட்ட ஒன்றுமில்லாமல் அக்கா அந்த இருபது நிமிடம் என்ன செய்திருப்பார் என்று இரண்டு பேரும் நினைத்தோம். அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு வேலையைப் பார்த்தோம். டிரம்மை ஏற்றி, பெல்ட்டை மாட்டி, தகட்டைப் பூட்டினேன். முட்டை அட்டையில் ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை. இரண்டு துண்டைப் போட்டு ஓட விட்டோம். மெல்லிய உறுமல், அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து நிறுத்தினேன். அவர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி கையில் வைத்துக்கொண்டார்.

டொக் டொக்.

ஒரு மூச்சு. டொக் டொக்.

"தகரம் ஆறுது," என்றார் அவர். தகரம் ஆறும்போது சத்தம் போடும், எனக்கும் தெரியும். அன்றைக்கும் எனக்கு ஒரு காரணம் தெரிந்திருந்தது.

"இதோ வந்துட்டேங்க்கா!" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். ஐந்து மாதமாகச் சாத்தியிருந்த அக்காவின் அறைக் கதவின் பிடியில் ஒரு கை, மறு கையில் பச்சை நாடா சுற்றிய ஸ்பூன். பின்னால் நான் டம்ளரில் தண்ணீரோடு நின்றேன். தண்ணீர் தளும்பி விரல்களில் வழிந்தது.